தலைவர் குரலில் ஒரு போன்

மன்னிக்க வேண்டும் சார், ஒட்டுக்கேட்டுவிட்டேன். நீங்கள் போனில் போட்ட சத்தத்துக்கு, கேட்காமல் இருக்கத்தான் கஷ்டப்பட வேண்டும். "இந்த ரயில் பொழப்பே வேணாம்டி, கார் புக் பண்ணிடறேன், வெள்ளைக் கலர்தான், முடிவு பண்ணியாச்ச்ச்சு." சரியா? கொஞ்சம் மூக்கால் பேசுகிறீர்கள், கடைசி வார்த்தையை இழுக்கிறீர்கள். ஐயோ, கேலி இல்லை சார். யார் குரல் காதில் விழுந்தாலும் அது என் தொண்டை வழியாகத் திரும்பி வந்துவிடும். என்னால் அடக்க முடியாது.

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். காரா, ரயிலா என்று எங்கள் வீட்டிலும் ஒரு வருஷம் சண்டை நடந்தது. அந்தச் சண்டையை நான் ஒரு வேலை பண்ணி முடித்துவைத்தேன். சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். அதற்கு நான் கேரண்டி. ஆனால் ஒன்று, சிரிப்பு கடைசியில்தான் வரும். நடுவில் "எங்கடா சிரிப்பு" என்று கேட்கக் கூடாது. கூடுவாஞ்சேரியில்தானே இறங்குகிறீர்கள்? நேரம் இருக்கிறது. பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி நின்றால் இன்னும் விசேஷம்.

என் பெயர் சுதர்சன். பிளஸ் டூ. தாம்பரத்தில் பள்ளிக்கூடம், செங்கல்பட்டில் வீடு. அப்பா முனிரத்தினம், பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறார். செங்கல்பட்டில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குவார். சாயங்காலம் பீச்சில் ஏறி செங்கல்பட்டில் இறங்குவார். அவர் வயசில் பாதி இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் ஓடியது.

இந்த லைனில் செட் செட்டாகப் போவார்களே, பார்த்திருப்பீர்கள். சீட்டாடுகிற செட், சாமி பாட்டுப் பாடுகிற செட், பூக் கட்டுகிற அம்மாக்கள் செட். அப்பாவுடையது பேப்பர் செட். மூன்றாவது பெட்டி. ஒருத்தர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். படிக்கிறவர் பெயர் பக்தவச்சலம். எல்லோருக்கும் அவர் தலைவர். எழும்பூரில் ஏதோ அரசாங்க ஆபீஸில் வேலை. ஆனால் குரலைக் கேட்டால் மைக்கே இல்லாமல் பொதுக்கூட்டம் நடத்தலாம். இப்படிப் படிப்பார், கேளுங்கள்:

"க்ஹும்... கேளுங்கப்பா. நாளை முதல் நகரில் குடிநீர்த் தட்டுப்பாடே இருக்காதாம். மேலிடத்துல சொல்லியிருக்காங்க. க்ஹும்... ஆக மொத்தம், இன்னிக்கே ரெண்டு குடம் புடிச்சு வெச்சுக்குங்க."

பெட்டியே சிரிக்கும். இப்போதுகூட எதிர் பெஞ்சு ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்த்தீர்களா? அவ்வளவு அச்சு அசல் சார் நான். ஸ்கூலுக்குப் போக அப்பாவோடு அதே பெட்டியில் வருவேன். ஆறாம் வகுப்பிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போன குரல். அதிலும் அந்தச் செருமல் இருக்கிறதே, "க்ஹும்", அதுதான் என் ஸ்பெஷல். முதலில் எல்லாம் சின்னதாக இருந்தது. வரவர நீளமாகிவிட்டது, நடுவில் ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு மாசமும் நான் என் மிமிக்ரியை மாற்ற வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அவர் எதிரிலேயே செய்து காட்டினேன். கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "டேய் சுதர்சா, நான் லீவு போட்டா நீயே படிச்சிடு. ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார்.

இல்லை சார், இது சிரிப்பு இல்லை. இன்னும் வரவில்லை.

இப்போது கர்சீப் விஷயம் சொல்ல வேண்டும். வண்டி செங்கல்பட்டில் கிளம்புகிறது. முதலில் வருகிறவர் ஜன்னல் வழியாகக் கர்சீப்பைப் போட்டு மற்றவர்களுக்கு இடம் பிடிப்பார். எல்லா செட்டிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் பேப்பர் செட்டில் அதற்கு மேல் ஒரு வழக்கம். இடம் பிடிக்க அவரவர் கர்சீப்பை முந்தின நாள் சாயங்காலமே தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். காலையில் அவர்தான் எல்லோருக்கும் போடுவார். உன் கர்சீப் தலைவர் பையில் இருந்தால் நீ செட்டில் இருக்கிறாய். அவர் அதை மடித்து உன் கையில் திருப்பிக் கொடுத்தால் நீ இல்லை. ஒருமுறை ஒருத்தர் ரயிலுக்குள் வட்டிக்குக் கொடுக்கிற தொழில் ஆரம்பித்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கர்சீப் திரும்பி வந்தது, அவ்வளவுதான். மறுநாள் ஆறாவது பெட்டிக்குப் போய்விட்டார்.

போன வருஷம் ஆடி மாசம் ஒருநாள். அப்பாவும் நானும் ஓடிவந்து ஏறுகிறோம். அப்பா இடத்தில் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், நல்ல சட்டை, ஆஸ்பத்திரி கவர் ஒன்று மடியில். தலைவர் எழுந்தார். அப்பாவின் நீலக் கட்டம் போட்ட கர்சீப்பை மடித்து அப்பா கையில் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், "க்ஹும் க்ஹும்" என்று இருமல்தான் வந்தது. அதற்குள் யாரோ பின்னால், "முனி, உனக்கு டிஸ்மிஸ் ஆர்டர் வந்துடுச்சுடோய்" என்று கத்த, பெட்டி முழுக்கச் சிரிப்பு. அப்பா அடுத்த ஸ்டேஷன் பரனூரில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அன்றைக்கே தலைவர் நம்பரை பிளாக் பண்ணினார். அடுத்த மாசம் வாசலில் ஒரு பழைய கார் நின்றது. சாம்பல் கலர்.

அம்மா கேட்டாள். அம்மா பெயர் செண்பகம், குரல் இப்படி இருக்கும்: "ஏங்க, ஒரு கர்சீப்புக்காகவா கார் வாங்குவாங்க?"

அப்பா சொன்னார்: "கார்ல என் இடத்தை எடுத்து எவனும் இன்னொருத்தனுக்குக் குடுக்க முடியாது செண்பகம்."

"ஜி.எஸ்.டி. ரோட்ல தினம் போக வர உங்களால முடியுமா? ரயிலா இருந்தா தூங்கிட்டாவது போவீங்க."

"ஏசி போட்டுக்கிட்டு, பாட்டுக் கேட்டுக்கிட்டு ராஜா மாதிரி போவேன்."

ராஜா மாதிரிதான் போனார் சார், ஒரு மாசம். நானும் முன்சீட்டில் இளவரசன். அப்புறம் ரோடு தன் வேலையைக் காட்டியது. ரயிலுக்குக் கிளம்பியதைவிட முன்னாடியே கிளம்ப வேண்டும், திரும்பி வந்து சாப்பிட்டுப் படுப்பதற்குள் கண் செருகிவிடும். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒருநாள் காலை. நான் ஃபிசிக்ஸ் புக்கைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி மெதுவாக, ரொம்ப மரியாதையாக, வலதுபக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. நிமிர்ந்து பார்க்கிறேன், எதிரே தண்ணி லாரியின் பின்பக்கம். அதில் எழுதியிருந்த எழுத்து எல்லாம் படிக்க முடிகிற தூரம். அப்பாவைப் பார்க்கிறேன். கண் மூடியிருக்கிறது. முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"அப்பா" என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. என்ன வந்தது தெரியுமா? டிராஃபிக் போலீஸ் மைக். "ஏய் சாம்பல் கலர் வண்டி! ஓரங்கட்டு! ஓரங்கட்டுன்றேன்ல!"

அப்பா பிரேக்கில் ஏறி நின்றார். லாரி போய்விட்டது. பின்னால் இருந்தவன் எல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான்.

"எதுக்குடா கத்தற?"

"தூங்கிட்டீங்கப்பா."

"தூங்கல. கண்ணை மூடித் தொறந்தேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

அன்றிலிருந்து எனக்குப் புது உத்தியோகம். செங்கல்பட்டில் ஆரம்பித்தால் தாம்பரம் வரைக்கும் வாய் மூடக் கூடாது. ஸ்டேஷன் அறிவிப்பு அம்மா, கெமிஸ்ட்ரி சார், ஷேர் ஆட்டோ டிரைவர், எஃப்.எம். அக்கா, எல்லோரும் அந்தக் காரில் ஏறினார்கள். அப்பா சிரித்துக்கொண்டே ஓட்டுவார். சிரிக்கிற ஆள் தூங்க மாட்டார் இல்லையா? தொண்டை கட்டிக்கொண்ட நாளில்கூட நிறுத்தவில்லை. வெந்நீர் பாட்டில் வைத்துக்கொண்டு செய்தேன். ஆனால் தாம்பரத்தில் நான் இறங்கிவிடுகிறேனே, அதற்கப்புறம் பாரிமுனை வரை அந்தக் காரில் யார் பேசுவது?

ஆபீஸ் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். "எதுக்குடா?" என்றார். "சும்மா, பிரெண்ட்ஸ்கூட ஒரு பந்தயம்" என்று ஏதோ சொன்னேன். போனைப் பள்ளிக்கூடத்தில் பிடித்தால் டி.சி. ஆனாலும் காலுறைக்குள் வைத்துக்கொள்வேன். முதல் பீரியடில் கணுக்கால் அதிர்ந்தால் பாடம் புரியும். அதிரவில்லை என்றால் எதுவும் புரியாது. பயமா? எனக்கா? சும்மா சார், ஒரு விளையாட்டு மாதிரி.

இந்த வருஷம் ஆடி பிறந்து ஒருநாள் அது அதிரவே இல்லை. முதல் பீரியடில் இல்லை, இரண்டாவதில் இல்லை. கெமிஸ்ட்ரி சார் கேள்வி கேட்டார், எழுந்து நின்றேன். பதில் தெரியும், குரல் வரவில்லை. என் குரலும் வரவில்லை, வேறு யாருடையதும் வரவில்லை. மூன்றாவது பீரியட் பாதியில் கணுக்கால் அதிர்ந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் காரின் வலதுபக்கக் கண்ணாடி இல்லை. "பார்க்கிங்ல எவனோ தட்டிட்டான்" என்றார் அப்பா. கதவில் ஒரு நீளக் கீறல். அதில் மஞ்சளும் கருப்புமாகப் பெயிண்ட். எந்தப் பார்க்கிங்கில் சார் மஞ்சள் கருப்புப் பெயிண்ட் இருக்கிறது? ரோடு நடுவில் இருக்கிற தடுப்புச் சுவரில்தான் இருக்கிறது. அம்மா பார்ப்பதற்குள் மண்ணெண்ணெய்த் துணி வைத்து அதைத் துடைத்தேன்.

இப்போது வருகிறேன் விஷயத்துக்கு. அப்பாவைத் திரும்ப ரயிலில் ஏற்ற வேண்டும். அம்மா சொல்லி நடக்கவில்லை. நான் சொன்னால் அடி விழும். அப்பா யார் சொன்னால் கேட்பார்? தலைவர் கூப்பிட்டால் கேட்பார். தலைவர் எப்போது கூப்பிடுவார்? அப்பா மன்னிப்புக் கேட்டால். இரண்டு பேருக்கும் ரோஷம். இரண்டு பேர் குரலும் என் பையில்.

அட, சிரிக்கிறீர்களே! இது சும்மா முன்னோட்டம்.

அப்பா குளிக்கப் போனபோது அவர் போனை எடுத்து பிளாக் லிஸ்டைத் திறந்தேன். தலைவர் நம்பரிலிருந்து எத்தனை கால் தெரியுமா! பொங்கலுக்கு முன்னால் ஒரு வாரம் வரிசையாக அடித்திருக்கிறார். ஒன்றுகூட அப்பாவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நின்றுவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆக, தலைவருக்கும் ஆசை இருக்கிறது. நான் செய்யப்போவது பொய்யே இல்லை, நடுவில் நின்றுபோனதை முடித்துவைக்கிறேன், அவ்வளவுதானே?

பக்கத்துத் தெரு ஃபாரூக்கின் போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். முதலில் அப்பா குரலில் தலைவருக்கு அடித்தேன். எடுத்தார். "தலைவரே, முனிரத்தினம் பேசறேன். நம்பர் மாத்திட்டேன்" என்றேன். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்கிறது, அதுவும் ஒரு மாதிரி விசில் சத்தத்தோடு. "கோவமா இருக்கீங்களா? கோவப்பட உங்களுக்கு உரிமை இருக்கு. நான் அவசரப்பட்டு இறங்கிட்டேன். நாளைக்கு வரேன். எனக்கு ஒரு எடம் போடுவீங்களா?" அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. விரலால் போனைத் தட்டுகிற மாதிரி டொக், டொக் என்று சத்தம். அப்புறம் வைத்துவிட்டார்.

என்ன திமிர் பாருங்கள்! ஒரு மனுஷன் இவ்வளவு இறங்கி வந்து பேசுகிறான், வாயைத் திறந்து ஒரு "சரி" சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று எனக்கு ஆத்திரம். போகட்டும், அவர் பங்கையும் நானே பேசிவிடுகிறேன் என்று அடுத்த போனை அடித்தேன். அப்பாவுக்கு.

கீழே ஹாலில் அப்பா. மேலே மாடியில் நான். நடுவில் ஒரு கதவு, ஒரு படிக்கட்டு. அப்பா போன் அடிக்கிற சத்தம் எனக்கு இரண்டு காதிலும் கேட்கிறது.

"க்ஹும்... முனி. நான்தான்பா."

அப்பா வைத்துவிடுவாரோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தலைவரே," என்றார். "இது யார் நம்பர்?"

"என் நம்பரைத்தான் நீ பூட்டி வெச்சிருக்கியே. க்ஹும்... இது பக்கத்து வீட்டுப் பையனுது."

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. சமையலறை ஜன்னல் வழியாக மேலே வந்து என் போனுக்குள்ளும் அடித்தது. அப்பா, "உங்க வீட்லயும் இப்பதான் குக்கரா?" என்றார். "ஊர்ல எல்லார் வீட்லயும் இப்பதான்பா குக்கர்" என்றேன். அப்பா சிரித்தார். தப்பித்தேன்.

"அன்னிக்கு ஏன் தலைவரே கர்சீப்பை எடுத்துக் குடுத்தீங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை சார். என்ன சொல்வது? "க்ஹும்" என்று ஒன்றை நீளமாக இழுத்து யோசித்தேன். "தப்பு என்னுதுதான். அதை விடு. க்ஹும்... ஆக மொத்தம், நாளைக்கு வண்டிக்கு வந்துடு. உன் எடம் அப்படியே இருக்கு."

முடிந்தது என்று நினைத்தேன். அப்பா வைக்கவில்லை. எழுந்து வாசல் பக்கம் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா காதில் விழாத இடத்துக்குப் போகிறார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தக் குரல் என்னிடம் இல்லாத குரல் சார். அப்பாவின் குரலில் அப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

"தலைவரே, யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன். வண்டி ஓட்டறப்போ தூங்கிடறேன். ஒருதடவ இல்ல. போன வாரம் மீனம்பாக்கத்துக்கிட்ட தடுப்புச் சுவத்துல ஏத்திட்டேன். எப்படி நிறுத்தினேன்னே தெரியல. ரொம்ப நேரம் ரோட்டோரமா உக்காந்திருந்துட்டுதான் ஆபீஸ் போனேன்."

நான் மாடிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"பையன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு வழி பூரா எதையாவது பேசிக் காட்டிக்கிட்டே வரான். எனக்காகத்தான் பண்றான்னு தெரியும். தெரியாத மாதிரி சிரிச்சுக்கிட்டே போறேன். தொண்டை கட்டினாலும் விட மாட்டேங்கறான். அவனை வெச்சுக்கிட்டே ஒருநாள் நான் எங்கயாவது... அவன் தாம்பரத்துல இறங்கினதும்தான் எனக்கு மூச்சே வருது தலைவரே. இனிமே தூங்கினாலும் நான் மட்டும்தானேன்னு."

இந்த இடத்தில் என் மிமிக்ரி கொஞ்சம் சொதப்பிவிட்டது. மாடியில் தூசி. "க்ஹும்" வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ சத்தம் வந்துவிட்டது. இருமி மறைத்தேன்.

"தலைவரே, இருக்கீங்களா?"

"இருக்கேன்பா."

"என்ன பண்ணட்டும்?"

என் அப்பா என்னிடம் கேட்கிறார் சார், என்ன பண்ணட்டும் என்று. "ரயில்ல வா," என்றேன். "தூங்கணும்னா என் தோள்ல தூங்கு. வா." அவ்வளவுதான் வந்தது. "ஆக மொத்தம்" போட மறந்துவிட்டேன். வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை. கார் சாவியை அப்பா எடுக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், நான் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இட்லியைப் பிட்டேன். ஸ்டேஷன் வரைக்கும் வேகமாக நடந்த அப்பாவுக்குப் பிளாட்பாரத்தில் நடை தளர்ந்துகொண்டே போனது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வண்டி நகரும் வரை எதுவும் வெளியே வரக் கூடாது. நகர்வதற்கு முன்னால் தெரிந்துவிட்டால் அப்பா இறங்கிவிடுவார். நேராக வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுப்பார். அப்புறம் எந்தக் குரலில் கூப்பிட்டாலும் வர மாட்டார். நகர்ந்துவிட்டால் போதும். பரனூர் வந்தால் நான் காலைப் பிடித்துக்கொள்வேன்.

மூன்றாவது பெட்டி. ஜன்னல் வழியாகவே தெரிந்தது. அப்பாவின் பழைய ஜன்னலோர இடத்தில் ஒரு வெள்ளைக் கர்சீப், புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏறுங்கப்பா, எடம் போயிடும்" என்று முதுகைப் பிடித்துத் தள்ளினேன்.

உள்ளே தலைவர் எழுந்து நின்றார். பாதி ஆளாகியிருந்தார். சட்டைக் காலர் மேல் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. எதிர் சீட்டில் செட்டில் மூத்தவர் ஏழுமலை அண்ணன். பேப்பர் தலைவர் மடியில் இல்லை, ஏழுமலை அண்ணன் மடியில் இருந்தது.

தலைவர் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். உதடு அசைந்தது.

சத்தம் வரவில்லை.

"இன்னா தலைவரே, சளியா?" என்றார் அப்பா. "நேத்துகூட நல்லாத்தானே..."

"அப்பா உக்காருங்க, உக்காருங்க, வண்டி கிளம்புது!" என்று நான் நடுவில் விழுந்தேன். வண்டி கிளம்பவில்லை.

ஏழுமலை அண்ணன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "முனி, உனக்கு யாரும் சொல்லலையா?"

நான் உடனே ஸ்டேஷன் அறிவிப்பு அம்மாவை இறக்கினேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" என்று முழுக் குரலில். பெட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "சும்மா இருடா" என்றார். "என்ன சொல்லல? என்னண்ணே ஆச்சு?"

"தொண்டைல கட்டி. பொங்கல் கழிச்சு ஆபரேஷன். குரல் பெட்டியையே எடுத்துட்டாங்கப்பா. அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை பேசிடணும்னு எத்தனை தடவ போன் அடிச்சாரு தெரியுமா? அன்னிக்கு உன் எடத்துல உக்காந்தவரு டாக்டரு. ரயில்லயே ரிப்போர்ட்டைப் பாக்கறேன்னு ஏறினாரு. நீ நின்னுக்கோ, ஒரு நாளைக்கு எடத்தை விட்டுக் குடுன்னு சொல்றதுக்குள்ள இவருக்கு இருமல் வந்துடுச்சு, நீ இறங்கிட்ட."

ஹார்ன் அடித்தது. வண்டி இன்னும் நகரவில்லை. நகரு, நகரு என்று நான் கால் விரலால் தரையை அழுத்துகிறேன், என்னவோ நான்தான் தள்ளுகிற மாதிரி.

"போனா போகுது விடு," என்றார் ஏழுமலை அண்ணன். "நேத்து நீ போன் பண்ணிப் பேசினியே, அது போதும் மனுஷனுக்கு. ராத்திரியே எனக்கு மெசேஜ். முனி பேசினான், நாளைக்கு வரான்னு. விடிகாலைல கடையைத் தொறக்கச் சொல்லிப் புதுக் கர்சீப் வாங்கியிருக்காரு."

"நானா? நான் போன் பண்ணலையேண்ணே," என்றார் அப்பா. "இவருதானே எனக்குப் பண்ணாரு. நேத்து சாயங்காலம். எவ்வளவு நேரம் பேசினாரு..."

"யாரு, இவரா? பேசினாரா?"

அப்போது ஒரு குலுக்கல். வண்டி நகர்ந்தது சார். பிளாட்பாரம் பின்னால் போக ஆரம்பித்தது. அப்பாடா! ஜெயித்துவிட்டேன். இனி இறங்க முடியாது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

இதோ, இங்கேதான் சார் சிரிப்பு. நான் சொன்னேனே, இதுதான் அந்த இடம். அப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைவரின் கழுத்துத் துணியைப் பார்க்கிறார், அவர் வாயைப் பார்க்கிறார், நேற்றுக் கேட்ட குரலை மனசில் தேடுகிறார். அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, என் பக்கம் திரும்புகிறார். சிரியுங்கள் சார், ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறீர்கள்? நான் அப்போது சிரித்துக்கொண்டுதான் நின்றேன், கன்னத்தில் அறையைத் தாங்கிக்கொள்ளத் தயாராக. அப்பா கையை ஓங்கவில்லை. திட்டவில்லை. வாசல் ஓரமாகப் போய்ப் பேசினாரே, அந்தக் குரல், அதே குரலில் கேட்டார்:

"அப்போ... நான் சொன்னது பூரா... நீயாடா கேட்டுக்கிட்டிருந்த?"